காகிதம் உள்ளே சாய வேண்டும்

என் தாயெஜே சைராகுல் வருகிறார் என்பது பல்கலைக்கழகத்தில் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சத்தம் கேட்டதும் ஆய்வகங்களில் தேநீர்க் கிண்ணங்கள் மேசைக்கு அடியில் போகும். ரொட்டி இழுப்பறைக்குள் போகும். நெற்றியில் தூக்கி வைத்த பாதுகாப்புக் கண்ணாடிகள் மூக்குக்கு இறங்கும். அவர் கதவைத் திறக்கும்போது எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக நின்றுகொண்டிருப்பார்கள்.

"எஜே வந்துட்டாங்க. யாரும் மூச்சு விடாதீங்க, அதுக்கும் கையெழுத்து கேப்பாங்க," என்பார் மூன்றாவது மாடி ஆய்வகத்தின் உதவியாளர் குபாத்.

"நீ தாராளமா மூச்சு விடு குபாத். வாயைத் திறந்தாத்தான் கையெழுத்து," என்பார் தாயெஜே.

அவர் என் அம்மாவின் அக்கா. எங்கள் கிர்கிஸ் மொழியில் அம்மா வழிப் பெரியம்மா தாயெஜே, மற்றவர்களுக்கு வெறும் எஜே, அதாவது அக்கா. பள்ளியை முடித்து அதே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்ததிலிருந்து நான் பிஷ்கெக்கில் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னது.

அவர் வேதியியல் துறையின் பாதுகாப்பு அலுவலர். அதற்கு முன் அவரும் அங்கே ஆராய்ச்சி செய்தவர்தான். பழைய அலுவலர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு யாரும் முன்வரவில்லை. துறைத்தலைவர் இவரைக் கூப்பிட்டு, "நீங்க எப்படியும் கவலைப்பட்டுக்கிட்டேதான் இருப்பீங்க சைராகுல். அதையே சம்பளம் வாங்கிட்டுச் செய்யுங்களேன்," என்றாராம். அவர் விளையாட்டாகச் சொன்னார். தாயெஜே அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை பெரும்பாலும் நடைதான். வாயு உருளைகள் சுவரோடு சங்கிலியில் கட்டியிருக்கின்றனவா, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிவு பாட்டிலில் அமிலத்தோடு வேறு எதையாவது ஊற்றிவிட்டார்களா, வெளியே ஓடும் வழியில் யாராவது பழைய பீரோவை நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்காவது ஆபத்து என்று பட்டால் அந்த அறையைப் பூட்டிச் சீல் வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு ஒரு பித்தளை முத்திரையும் கொடுத்திருந்தார்கள். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் ஆய்வகத்தின் மேல் இந்தக் கதை நடக்கும்வரை அவர் அதை ஒருநாளும் அழுத்தியதில்லை.

மூன்றாவது மாடி பேராசிரியர் துர்துபெக் அகாயின் இடம். ஆசிரியரை மரியாதையாக அகாய் என்போம். அங்கே சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் மெல்லிய தகடுகளைச் செய்கிறார்கள். அதற்கு ஒரு கரைப்பான் வேண்டும். நீளமான பெயர், எல்லோரும் டி.எம்.எஃப் என்று சுருக்கிவிடுவார்கள். தண்ணீர் போல இருக்கும், லேசான மீன் வாடை அடிக்கும். மூச்சிலும் போகும், தோலிலும் ஊறும். கருவில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும். அதனால் அதைத் திறப்பதெல்லாம் உறிஞ்சும் அலமாரிக்குள்தான். அது முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெரிய கூண்டு. மேலே குழாய் கூரை வரை போகும், அங்கே ஒரு காற்றாடி சுற்றி ஆவியை வெளியே இழுத்துத் தள்ளும்.

அந்த ஆய்வகத்தில் பெரிசாத் என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்தாள். கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல். அந்த வசந்தத்தில் அவள் கர்ப்பமானபோது சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஆய்வகத்தில் இனிப்புகூடக் கொடுத்தாள். அது தங்கவில்லை. ஏன் என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. அவள் மாமியார் மட்டும் உறுதியாகச் சொன்னார், ஊரைக் கூட்டிச் சொன்னதால் கண் பட்டுவிட்டது என்று.

அக்டோபரில் தாயெஜே பெரிசாத்தின் கோட்டுப் பையில் குருத் உருண்டைகளைப் பார்த்தார். புளித்த தயிரைக் காயவைத்து உருட்டின உப்பு உருண்டைகள்.

"ஆய்வகத்துல தின்னக்கூடாதுன்னு உனக்கு நானா சொல்லணும்?"

"தின்னல எஜே. வாயில வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அதுக்குப் பேரென்ன?"

"வாய் கசக்குது எஜே. புளிப்பா ஏதாவது இருந்தாத்தான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவள் கீழே விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்தபோது கழுத்திலிருந்து ஒரு முக்கோணத் தாயத்து வெளியே வந்து ஆடியது. புதுத் தோலில் தைத்தது. அவள் சட்டென்று உள்ளே தள்ளிவிட்டாள். தாயெஜே பார்க்காதது போல வாயு உருளையின் சங்கிலியை இழுத்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. விதி தெளிவாக இருக்கிறது. கர்ப்பமான பெண் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும், அவளை அந்தக் கரைப்பான் இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும். ஆனால் அவளாகச் சொன்னால்தான். பெரிசாத் சொல்லமாட்டாள். ஒருமுறை சொல்லி இழந்தவள். அதோடு டிசம்பரில் வெளியிலிருந்து ஒரு குழு தகடுகளைப் பார்க்க வருகிறது. அதற்கு முன் விலகினால் அவள் இடம் வேறொருவருக்குப் போகும்.

"கேட்டுடுங்களேன்," என்றேன் நான்.

"கேட்டு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சைராகுல் வாய் வெச்சா, அதான் போச்சுன்னு ஆகும். அவ மாமியார் என்னைப் பஜார்ல நிக்கவெச்சுக் கேப்பாங்க."

"கண்ணு படும்னு நீங்க நம்பறீங்களா?"

"நான் நம்பறனா இல்லயாங்கறது விஷயம் இல்ல. அவ நம்பறா. அவ பயந்து போய் நிக்கறது அவளுக்கு நல்லதா?" என்றவர் கத்தியைக் கீழே வைத்தார். "கேக்காம இருந்தா மட்டும் நல்லதான்னும் தெரியல."

அவர் சுற்றி வளைத்துப் பார்த்தார். மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் தடிமனான புதுக் கையுறைகள் வாங்கிக் கொடுத்தார். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் தெரிந்துவிடும். துர்துபெக் அகாயிடம் போய், பெரிசாத்தைக் கீழே அளவெடுக்கும் அறைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"ஏன்? அவதான் இங்க கை சுத்தமா வேலை செய்யறா."

"சும்மா. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சா நல்லதுதானே."

"சைராகுல், நீங்க சும்மா எதையும் கேக்கமாட்டீங்க. காரணத்தைச் சொல்லுங்க, மாத்தறேன்."

காரணத்தைச் சொல்ல முடியவில்லை. "உறிஞ்சும் அலமாரி நல்லா இழுக்குது, அது போதும்," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினார். செப்டம்பரில்தான் அதைச் சோதித்திருந்தார். சோதனை எளிது. கூண்டின் வாயில் ஒரு மெல்லிய காகித நாடாவைப் பிடிக்க வேண்டும். நாடா உள்ளே சாய்ந்தால் காற்று உள்ளே போகிறது, ஆவி வெளியே வராது. அப்போது நாடா நன்றாகச் சாய்ந்தது. அடுத்த சோதனை புத்தாண்டுக்குப் பிறகுதான்.

நவம்பரில் பனி விழுந்தது. அந்த வருடம் துறைக் கட்டடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பழுது. நகரம் முழுக்கச் சூடு வந்தும் வேதியியல் துறை சில்லிட்டுக் கிடந்தது. மாணவர்கள் கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். தாயெஜே நாள் தவறாமல் மூன்றாவது மாடிக்குப் போனார். கையுறைப் பெட்டியை எண்ணுவது போல நின்று பெரிசாத்தின் முகத்தைப் பார்ப்பார். வெளுத்திருக்கிறதா, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாளா, வயிற்றில் கை வைக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் சொல்வார்.

"இன்னைக்குத் தலைவலின்னு நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பக்கத்துல இருந்த பையனுக்கும் தலைவலியாம். குளிருதான்."

அந்த வாரம் குபாத் ஊரில் இல்லை. வாரத் தொடக்கத்திலேயே ஒரு சாயங்காலம் அவருடைய மாமா இறந்த செய்தி வந்ததும் கையிலிருந்த திருப்புளியை மேசையில் போட்டுவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு சொந்த ஊரான அத்-பாஷிக்குப் பஸ் ஏறிவிட்டார். சாவுச் செய்தி வந்தால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் போவார்கள். வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்று நிற்பவனைத்தான் ஊர் பேசும்.

வெள்ளிக்கிழமை மாலை தாயெஜே வேலை முடிந்து மினி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் வெட்டியது. கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டார். அதில் மீன் வாடை அடித்தது.

வீட்டில் அந்த வாரம் மீன் வாங்கவில்லை. பக்கத்தில் நின்றவர் கையில் பையும் இல்லை. மறுபடியும் முகர்ந்தார். அன்று மதியம் பெரிசாத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது மாடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அரை மணியில் துணியில் ஏறியிருக்கிறது என்றால் அறைக் காற்றில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? அந்தப் பெண் அதில் நாள் முழுக்க நிற்கிறாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க, இறங்கணும்," என்று ஓட்டுநரின் தோளைத் தட்டியிருக்கிறார். நிறுத்தமில்லாத இடத்தில் இறங்கிப் பனியில் திரும்பி நடந்தார். ஓட முடியவில்லை, வழுக்கியது. நடந்துகொண்டே பெரிசாத்துக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. கையுறை போட்டிருந்தால் எடுக்கமாட்டாள். கையுறை போட்டிருக்கிறாள் என்றால் இன்னும் வேலை செய்கிறாள்.

மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது. பெரிசாத்தும் இன்னொரு மாணவனும் கூண்டின் முன் நின்றிருந்தார்கள். கூரையில் காற்றாடி வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். தாயெஜே நேரே மேசைக்குப் போனார். மேசையிலிருந்த மெல்லிய துடைப்புத் தாளிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துக் கூண்டின் வாயில் பிடித்தார்.

அது ஆடாமல் நேராகத் தொங்கியது.

"எல்லாத்தையும் மூடிட்டு வெளிய போங்க."

"இன்னும் ஆறே தகடுதான் எஜே, காயவெச்சாச்சு," என்றாள் பெரிசாத்.

"வெளிய போ பெரிசாத்."

"அகாய் திங்கக்கிழமை கேப்பாரு..."

"என்கிட்ட கேக்கச் சொல்லு. போம்மா. ஜன்னலைத் திறந்துட்டுப் போ."

அவர்கள் போனதும் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, கூண்டின் உச்சியில் குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் கையை விட்டார். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த கெட்டிக் கம்பளியில் ஒரு பெரிய துண்டு வந்தது. யார் வீட்டிலோ தரையில் விரித்திருந்த விரிப்பு. சிவப்பில் கொம்பு வடிவப் பூவேலை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து குபாத்துக்குப் போன் செய்தார். பின்னால் பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம் கேட்டது.

"குபாத், மாமாவுக்கு என் அனுதாபம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. குழாயில கம்பளி வெச்சது நீயா?"

குபாத் எழுந்து வெளியே வந்தார் போல, ஒப்பாரி தூரமானது.

"சாயங்காலம் வெச்சுட்டுக் காலையில எடுத்துடுவேன் எஜே. காத்தாடி நின்னா அந்தக் குழாய் வழியா பனிக்காத்து இறங்குது. காலையில அறையே ஐஸ் மாதிரி இருக்கும். தினமும் நான்தான் முதல்ல வந்து எடுப்பேன்... ஐயோ."

"இந்த வாரம் எடுக்கல."

"எடுக்கல. செய்தி வந்துச்சு, நான் அப்படியே... கெட்ட எண்ணம் இல்ல எஜே. காலையில முதல்ல வர்றது அவதான். ரெண்டு பேருக்கும் குளிருமேன்னுதான்."

தாயெஜே சுவரில் சாய்ந்துகொண்டார். ரெண்டு பேருக்கும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தது குபாத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவேளை மொத்த மாடிக்கும் தெரிந்திருக்கலாம். சொல்லாமல் ஆளுக்கு ஒரு விதமாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கையுறை கொடுத்திருக்கிறார், ஒருவர் கம்பளி வைத்திருக்கிறார்.

பிறகு அவர் ஸ்டோர் ரூமுக்குப் போய் நூலையும் மெழுகையும் எடுத்து வந்தார். ஆய்வகக் கதவைப் பூட்டி, நூலைக் குறுக்கே கட்டி, மெழுகை அப்பி, பித்தளை முத்திரையை அழுத்தினார். மெழுகு குளிரில் இறுகியிருந்தது. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

திங்கள் காலை துர்துபெக் அகாய் அந்தக் கதவின் முன் நின்றுகொண்டு கத்தினார் என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டாவது மாடிக்குக் கேட்டது.

"ஒரு கம்பளித் துண்டு. எடுத்தாச்சு. காத்து ஓடுது. இன்னும் எதுக்குப் பூட்டு?"

"ஒரு வாரமா ஆவி உள்ள இருந்திருக்கு அகாய். அறைக் காத்தை அளக்கணும். குழாயைச் சுத்தம் பண்ணணும். மத்த ஆய்வகத்துலயும் பாக்கணும்."

"டிசம்பர்ல ஆளுங்க வர்றாங்க. அவங்ககிட்ட மெழுகைக் காட்டவா?"

"நான் வந்து சொல்றேன்."

"நீங்க தினமும் இங்க வந்தீங்களே சைராகுல். கையுறை எண்ணினீங்க. அப்பப் பாத்திருக்கலாமே."

அவர் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அதில் தப்பில்லை. தாயெஜே தினமும் வந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ஒரு தாளைக் கிழித்துக் கூண்டின் வாயில் பிடிக்கவில்லை. அவள் கர்ப்பமா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்று நினைத்துவிட்டார். அந்தக் கூண்டு சரியாக இழுக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அது இழுத்திருந்தால் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

"பாத்திருக்கணும்," என்றார். "துறைத்தலைவருக்கு எழுதும்போது அதைத்தான் முதல்ல எழுதறேன்."

துர்துபெக் அகாய் இதை எதிர்பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது படியேறி வந்த பெரிசாத் கதவில் மெழுகைப் பார்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அகாய் அவளைப் பார்த்தார். தாயெஜேவைப் பார்த்தார். தாயெஜே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அகாய் பெரிசாத்தின் பக்கம் திரும்பினார்.

"பெரிசாத், இந்த ரூம் திறக்கற வரைக்கும் நீ கீழ அளவெடுக்கற ரூம்ல இரு. அங்க ஹீட்டர் இருக்கு. உக்காந்து செய்யற வேலைதான். திறந்த பிறகும் அங்கயே இரு, எனக்கு அங்க ஆள் வேணும். தகட்டு வேலையில உன் பேர் அப்படியே இருக்கும்."

"சரி அகாய்," என்றாள் அவள். தாயெஜேவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தாயெஜே எழுதிய விளக்கத்தில் கம்பளியும் தன் கவனக்குறைவும் மட்டும் இருந்தன. அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். குபாத் திரும்பி வந்ததும் அவருக்கும் கொடுத்தார்கள். டிசம்பரில் வந்த குழு பாதித் தகடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் கவலை அதோடு போகவில்லை. அந்த ஒரு வாரம் நடந்தது நடந்ததுதான். டிசம்பர் கடைசியில் பெரிசாத் அவருடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எஜே, என் சிநேகிதி ஒருத்தி இருக்கா. வேற ஊர்ல."

"உக்காரு."

"அவளும் இந்த மாதிரி... ஒரு வாரம் அந்த வாடையில நின்னுட்டா. அவளுக்கு ஏதாவது ஆகுமா?"

தாயெஜே ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. அறையில எவ்வளவு இருந்துச்சுன்னு யாரும் அப்ப அளக்கல. நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஆகவே ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன்."

பெரிசாத் தலையை ஆட்டினாள்.

"உன் சிநேகிதி டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். கரைப்பான் பேரு, எத்தனை நாளு, எல்லாம். டாக்டர்கிட்ட சொன்னா கண்ணு படாது. அவங்க ஒரு நாளைக்கு முப்பது வயித்தைப் பாக்கறவங்க."

அவள் லேசாகச் சிரித்தாள், உடனே கண் நிறைந்துவிட்டது. "அவ உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தா எஜே."

"இருக்கட்டும். சாப்பிடறாளா?"

"குருத் மட்டும்தான்."

அந்தக் குளிர்காலம் முழுக்க தாயெஜே ஒவ்வொரு கூண்டின் வாயிலும் சிவப்புக் காகித நாடா ஒட்டிக்கொண்டு திரிந்தார். இப்போதெல்லாம் அறைக்குள் நுழைந்ததும் நாடாவைத்தான் முதலில் பார்ப்பார், ஆட்களைப் பிறகு. வெந்நீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனாலும் கூண்டுக் குழாய்களில் குளிர் இறங்காமல் இருக்க மூடித் திறக்கும் தகடு வேண்டும் என்று துறைத்தலைவரை விடாமல் கேட்டு வாங்கினார். அதைப் பொருத்தியது குபாத்தான்.

ஜூனில் குபாத் அவர் அறைக்குள் வந்து, "சுயுஞ்சு எஜே," என்று கையை நீட்டினார். நல்ல செய்தி கொண்டுவந்தவருக்குப் பரிசு கொடுத்தால்தான் வாயைத் திறப்பார். தாயெஜே கைக்கு வந்த பேனாவைக் கொடுத்தார்.

"பொண்ணு."

"நல்லா இருக்காளா?"

"அழுகைச் சத்தம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேக்குதாம். வேற எனக்குத் தெரியாது, உள்ள விடல."

நாற்பது நாள் வரை பிள்ளையை வெளியாருக்குக் காட்டமாட்டார்கள். அந்த நாட்களில் தாயெஜே இரண்டு பாத்திரங்களைக் கருகவிட்டார்.

ஒருநாள் பெரிசாத்தின் மாமியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்பதாம் நாள் குழந்தைக்குப் போடும் சட்டையை நாற்பது வீட்டுத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது வழக்கம். அதற்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். தாயெஜே தேநீர் ஊற்றினார். கொஞ்சம் விரிப்பில் சிந்தியது.

"குழந்தை எப்படி இருக்கா?"

"என்னத்தச் சொல்ல. கரடிக்குட்டி மாதிரி அசிங்கமா இருக்கா."

 கண் பட்டுவிடும் என்பதால் பச்சைப்பிள்ளையை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள், அது தாயெஜேவுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும், "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டார்.

மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்து அவரையே பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "டாக்டர் மூணு தடவை பாத்துட்டாங்க. விரலை எண்ணினாங்க, நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டாங்க. போதுமா? இதுக்கு மேல என்னைப் பேசவெக்காதீங்க," என்றார்.

தாயெஜே போதும் என்று தலையாட்டினார். 

"பெரிசாத் ஒண்ணு கேட்டா," என்றார் மாமியார். "உங்க வெள்ளைக் கோட்டுலேர்ந்து ஒரு துண்டு வேணுமாம்."

"ஆய்வகக் கோட்டா? குழந்தை உடம்புலயா? அதெல்லாம் கிடையாது," என்று தாயெஜே எழுந்துவிட்டார். அலமாரியைக் கலைத்து ஒரு தலையணை உறையை எடுத்தார். அதில் ஒரு துண்டு வெட்டினார். முகர்ந்தார். குழாயடியில் கொண்டுபோய்த் துவைத்து பால்கனி வெயிலில் காயப்போட்டார். காய்ந்ததும் மாமியாரின் மூக்கருகே நீட்டினார்.

"ஏதாவது வாடை வருதா பாருங்க."

"சோப்பு வாடை."

"சோப்பும் வேண்டாம்," என்று தாயெஜே மறுபடியும் குழாயடிக்குப் போனார்.

மாமியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்.